ஏணையை விட்டுப் பாய்க்கு மாறுவது எப்படி?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மகனுக்கு 7 மாதம். ஏணையில் போட்டு ஆட்டினால்தான் நித்திரை. ஆட்டம் நின்றால் கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடுவான். இரவில் நாலைந்து தரம் எழும்பி ஆட்டுகிறேன். இவர் யானைக் காவலுக்கு வயலுக்குப் போய்விடுவார். பாயில் தானாக நித்திரை கொள்ளப் பழக்கலாமா? பிள்ளையை அழ விடக் கூடாது என்று மாமி சொல்கிறா.”

பழக்கலாம் தங்கச்சி. இது அதற்கு நல்ல வயது. 3 மாதப் பிள்ளை என்றால் பொறுங்கள் என்றிருப்பேன். இரவு எது, பகல் எது என்று உடம்புக்குப் பிடிபடத் தொடங்குவதே அந்தக் காலத்தில்தான்.

மகன் ஏன் எழும்புகிறான் என்பது விளங்கினால் பாதி வேலை முடிந்தது. கைக்குழந்தையின் நித்திரை ஒரே நீட்டாக ஓடாது. ஏறக்குறைய 50 நிமிடத்துக்கு ஒருமுறை லேசாகி, பிறகு மீண்டும் ஆழமாகும். லேசாகும் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் அரைகுறையாக முழிக்கிறார்கள். கண் மூடியபோது இருந்தது அப்படியே இருந்தால் திரும்ப உறங்கிவிடுவார்கள். உங்கள் மகன் கண் மூடியபோது ஏணை ஆடிக்கொண்டிருந்தது. இரவு ஒரு மணிக்கு அது அசையாமல் நிற்கிறது. அழாமல் என்ன செய்வான்? அதனால் முதல் நித்திரையைத்தான் மாற்ற வேண்டும்.

ஏணையில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம், மாமியிடம் அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். ஆனால் புரளவும் எழும்பி இருக்கவும் பழகும் பிள்ளை ஏணையிலிருந்து விழலாம். சீலை முகத்தை மூடலாம், நாடி நெஞ்சில் அழுந்தி மூச்சுப்பாதை ஒடுங்கலாம். இரவு முழுக்க ஏணையில் விடாதீர்கள்.

படுக்கை தட்டையாக, இறுக்கமாக இருக்கட்டும். பாயின் மேல் ஒரு பெட்ஷீட்டை இழுத்து விரித்தால் போதும். ஒரு வயது வரை தலையணை வேண்டாம். மல்லாக்கப் படுக்க வையுங்கள், அவனாகப் புரண்டால் விடுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தைச் சுற்றிவரப் பாயின் கீழ் செருகுங்கள். எங்கள் பக்கத்தில் இரவில் பாம்பும் வீட்டுக்குள் வரும், நன்றாகச் செருகிய வலை அதற்கும் காவல். நுளம்புச் சுருளின் புகை பிள்ளைக்குக் கிட்ட வேண்டாம்.

இனிப் பழக்கும் முறை. ஏழரை மணியளவில் உடம்பைத் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை போட்டு, வெளிச்சத்தில் வைத்தே பால் கொடுங்கள். பாலோடு கண் மூட விடக் கூடாது, பிறகு ஏணையின் இடத்தைப் பால் பிடித்துவிடும். அப்புறம் விளக்கைக் குறைத்து, மாமி மடியில் வைத்துத் தாலாட்டுப் பாடட்டும். கண் சொக்கி, ஆனால் முழித்திருக்கும்போதே பாயில் கிடத்துங்கள். எல்லாம் இந்த ஒரு நேரத்தில்தான் இருக்கிறது.

நீங்களும் பக்கத்தில் படுத்து, நெஞ்சில் கை வைத்து மெல்லத் தட்டுங்கள். சிணுங்கினால் கையை எடுக்காமல் பொறுத்திருங்கள். வீறிட்டு அழுதால் தூக்கி அணைத்து, அடங்கியதும் திரும்பக் கிடத்துங்கள். முதல் இரவு இதைப் பத்துத் தரம் செய்ய வேண்டிவரலாம். மூன்று நாலு இரவுக்குப் பிறகு தட்டாமல் கையை மட்டும் வையுங்கள். பிறகு கையை எடுங்கள், பிறகு ஒரு முழம் தள்ளி இருங்கள். இரண்டு மூன்று கிழமையில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஒரு மணிக்கு எழும்பினாலும் இதேதான். அந்த நேரம் களைப்பில் ஏணையில் போட்டால், நீண்ட நேரம் அழுதால் ஏணை வரும் என்றுதான் அவன் படிப்பான்.

தனியே விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லவில்லை என்று மாமிக்குச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதையும், சிறிது நேரம் விட்டு விட்டு வந்து தேற்றுவதையும் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தார்கள். உங்கள் மகனைப் போலவே 7 மாதத்தில் நித்திரைச் சிக்கல் இருந்த 326 பிள்ளைகளை 6 வயது வரை பின்தொடர்ந்தார்கள். 2012 இல் வெளியான முடிவில், பிள்ளையின் மனநிலையிலோ தாயோடுள்ள ஒட்டுதலிலோ எந்தப் பாதிப்பும் தெரியவில்லை.

இரவுப் பாலை நிறுத்த வேண்டாம். இந்த வயதில் ஒன்றிரண்டு தரம் பசிப்பது இயல்பு. விளக்குப் போடாமல், கதைக்காமல் கொடுத்துத் திரும்பப் பாயில் விடுங்கள்.

நித்திரைக்கென்று தடிமன் சிரப் கொடுக்கவே கூடாது. அது மூச்சைத் தாழ்த்தக்கூடிய மருந்து, உங்களை மன்றாடிக் கேட்கிறேன்.

காய்ச்சல், தடிமன் உள்ள கிழமையில் தொடங்காதீர்கள். குறட்டையோடு மூச்சு முட்டினாலோ, கிளினிக் புத்தகத்தில் நிறைக்கோடு கீழே போனாலோ முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். நீங்களும் நாலைந்து மாதமாக ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. பிள்ளை உறங்கிய பிறகும் உங்களுக்குக் கண் மூடவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

அவர் காவலுக்குப் போகும் காலத்தில் தனியாக இதைத் தொடங்க வேண்டாம். வெட்டு முடிந்து, இரவில் அவர் வீட்டில் தங்கும் கிழமையாகப் பாருங்கள். முதல் மூன்று இரவும் நடுச்சாமத்துக்குப் பிறகு தட்டிக்கொடுப்பது அவருடைய முறையாக இருக்கட்டும்.