ஆறு கொட்டும் வங்கக் கடலில் பாசி ஏன் குறைவு?

கடலில் மிதக்கும் பைட்டோபிளாங்க்டனுக்கு (இங்கே சுருக்கமாகப் பாசி) சத்து எங்கிருந்து வருகிறது என்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி எல்லாம் வங்கக் கடலில்தான் விழுகின்றன. ஆனால் அரபிக் கடலில்தான் பாசி அதிகம் என்கிறார்களே, எப்படி?

பதில்: ஆறு கொண்டுவரும் சத்தைவிட, அது கொண்டுவரும் நல்ல தண்ணீர்தான் இங்கே கதையை மாற்றுகிறது. நன்னீர் லேசு. உப்புநீர் மேல் மூடி போட்ட மாதிரி படர்ந்துவிடும். பாசிக்கு வேண்டிய சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெரும்பாலும் ஆழத்தில்தான் கிடக்கின்றன. மேலே செத்து மூழ்கியதெல்லாம் அங்கே மட்கித் தங்குகிறது. வெளிச்சமோ மேலே. இரண்டும் சேர வேண்டுமென்றால் காற்று கடலைக் கலக்க வேண்டும். வங்கக் கடலில் அந்த மூடியைக் கிழிக்கக் காற்றுக்குப் பலம் போதவில்லை. ஆற்றுச் சத்தில் பெரும்பங்கு கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டிலும் கரையோரத்திலுமே தீர்ந்துபோகிறது. போதாததற்கு முகத்துவாரத்துக் கலங்கல் வெளிச்சத்தையும் மறைக்கிறது.

அரபிக் கடல் நேர்மாறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமன் கரையை ஒட்டி வீசி, குளிர்ந்த ஆழ்நீரை மேலே வரவைக்கிறது. குளிர்காலத்தில் வடக்குப் பகுதியில் இன்னொரு சுற்று: வறண்ட காற்றில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழிறங்கும்போது சத்துள்ள நீர் கலந்து மேலே வருகிறது.

வங்கக் கடலில் மூடியைக் கிழிப்பது புயல்தான். 1999 ஒடிசா பெரும்புயலுக்குப் பின் ஐஆர்எஸ் பி4 செயற்கைக்கோள் படங்களில் பச்சையம் கூடியது தெரிந்தது. ஆனால் அதெல்லாம் சில நாள் விருந்து.

கேள்வி (குளச்சல் மீனவர்): ஆடியில் கடல் தண்ணீர் ஜில்லென்று ஆகிறது. அப்புறம் சாளை வருகிறது. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு அண்ணாச்சி. அந்தக் குளிர்ச்சிதான் ஆழ்நீர் மேலே வந்ததற்கு அடையாளம். கரைக்கு இணையாகக் காற்று வீசும்போது, பூமியின் சுழற்சியால் மேல்நீர் கரையைவிட்டு விலகுகிறது. அந்த இடத்துக்குக் கீழ்நீர் ஏறுகிறது. நைட்ரேட்டும் ஓடு கட்டத் தேவையான சிலிகேட்டும் சேர்ந்து கிடைத்ததும் டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசி முந்திக்கொள்ளும். தோதான நிலையில் ஒரே நாளில் இரட்டிக்கும். சாளை அதைச் செவுள் முள்ளால் வடிகட்டி நேரடியாகவே தின்கிறது.

ஆனால் சத்து வந்தால் சாளை வந்தே தீரும் என்று நம்பிவிட வேண்டாம். ஏறிவரும் நீரில் ஆக்சிஜன் குறைவு. அளவு மீறினால் மீன் ஒதுங்கிவிடும். கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த சாளை (அங்கே மத்தி), 2021-ல் சில ஆயிரம் டன்னாகச் சுருங்கியது. பாசியை மட்டும் வைத்து அந்த வீழ்ச்சியை விளக்க முடியாது.

கேள்வி (பள்ளி ஆசிரியை): 106:16:1 என்பது என்ன கணக்கு?

பதில்: அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934-ல் கவனித்ததிலிருந்து வளர்ந்த கணக்கு. பாசியின் உடலில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் 16, கார்பன் 106. எது முதலில் தீர்கிறதோ அது வளர்ச்சியை நிறுத்தும். வெப்பக் கடல்களில் பெரும்பாலும் நைட்ரஜன். இது சராசரிதான் டீச்சர், இனத்துக்கு இனம் மாறும்.

கேள்வி (தகவல் தொழில்நுட்ப ஊழியர்): கடலில் இரும்பைக் கொட்டினால் பாசி வளர்ந்து கரியமில வாயுவை இழுத்துவிடுமாமே? ஏன் செய்யாமல் இருக்கிறார்கள்?

பதில்: செய்து பார்த்தார்கள், நம் ஆட்களும் சேர்ந்து. அண்டார்க்டிகாவைச் சுற்றி நைட்ரேட் ஏராளம், பாசியோ குறைவு. இரும்புப் பஞ்சம்தான் காரணம் என்று 1980களின் கடைசியில் அமெரிக்கக் கடலியலாளர் ஜான் மார்ட்டின் வாதாடினார். அதற்கு முன் அளந்தவர்களுக்கு இரும்பு தாராளமாகவே தெரிந்தது. மாதிரி நீரில் கலந்திருந்தது கப்பல் துருவும் கம்பித் துருவும்! அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் புட்டி, உலோகமில்லாத கயிறு என்று பார்த்துப் பார்த்து எடுத்த பிறகுதான், லிட்டருக்குச் சில நானோகிராம் என்ற உண்மை அளவு தெரிந்தது. மார்ட்டின் 1993-ல் இறந்தார். சில மாதங்களில் காலபகோஸ் அருகே இரும்பு தூவிய இடத்தில் பாசி கூடியது.

2009-ல் கோவாவிலுள்ள தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் 'லோஹாஃபெக்ஸ்' சோதனையை நடத்தின. போலார்ஸ்டெர்ன் கப்பலில் போய், தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு தூவினார்கள். முதலில் பாசி பெருகியது. ஆனால் அந்த நீரில் சிலிகேட் ஏற்கெனவே தீர்ந்திருந்ததால் டயாட்டம் எழவில்லை. வளர்ந்த ஓடில்லாச் சிறு பாசிகளைக் கோப்பிபாட் என்னும் நுண்பிராணிகள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம். இதைப் பருவநிலைக்கு மருந்து என்று விற்பவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி (சென்னைவாசி): அப்படியானால் சாக்கடை கலப்பதும் உரம்தானே?

பதில்: உரம்தான், ஆனால் கோணலான உரம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஏறும், சிலிகேட் அந்த அளவுக்கு ஏறாது. டயாட்டம் பின்தங்க, மற்றவை முந்தும். பெருகிய பாசி மொத்தமாகச் செத்து அழுகும்போது அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மிசிசிப்பி கலக்கும் மெக்சிகோ வளைகுடாவில் கோடைதோறும் இதுதான் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் உங்கள் கடற்கரையில் நீலமாக மின்னிய நாக்டிலூகாகூட, பாசியைத் தின்று பெருகும் உயிர்தான்.

கேள்வி (விசைப்படகு உரிமையாளர்): செயற்கைக்கோளில் பச்சை தெரியும் இடத்தில் வலை போடலாமா?

பதில்: ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் பச்சையத்தையும் கடல் வெப்பநிலையையும் பார்த்து, மீன் சேரக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. பச்சையின் நடுவைவிட, பச்சையும் நீலமும் சந்திக்கும் விளிம்பைக் கவனியுங்கள். ஒரு சிக்கல்: மேகம் மறைத்தால் பச்சையம் தெரியாது. தென்மேற்குக் கரையில் ஆழ்நீர் நன்றாக ஏறும் ஜூலை, ஆகஸ்டில்தான் மேகமும் அதிகம். அப்போது படம் வெறுமையாக இருந்தால், அங்கே பாசி இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.