இங்கிலாந்தில் வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்ட கவுன்சில் அனுமதி வேண்டுமா?

எவ்வளவு நீட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தரைத்தளம் மட்டும் என்றால், பொதுவாக ஒட்டுவீட்டுக்கு 3 மீட்டர், தனிவீட்டுக்கு 4 மீட்டர் வரை, உயரம் போன்ற நிபந்தனைகளுக்குள் இருந்தால் தேவையில்லை. ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அதற்கு மேல் போனால் பிளானிங் போர்ட்டல் என்ற இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். இட வரைபடத்தில் உங்கள் மனையைச் சுற்றிச் சிவப்புக் கோடு, வடக்குக் குறி இரண்டும் இருக்கட்டும். இந்தச் சின்ன விஷயம் விட்டுப்போனாலே விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். ஏற்ற பிறகுதான் முடிவுக்கான 8 வாரக் கணக்கு தொடங்கும்.

அப்புறம், கவுன்சிலிலிருந்து பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் போகும் முன்பே, அவர்களிடம் வரைபடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். கருத்துச் சொல்ல அவர்களுக்கு 21 நாள் உண்டு. வெளிச்சம் மறைவது, அந்தரங்கம் கெடுவது எடுபடும். வீட்டு விலை குறையும் என்பது எடுபடாது.