அது பந்து மலைப்பாம்பு இல்லை, அடிக்க விடாதீர்கள்

வணக்கம். வடக்கு நமீபியாவில் உங்கள் குடியிருப்புக்குப் பின்னால் பாறை இடுக்கில் கண்ட ஒன்றரை மீட்டர் பாம்பு பந்து மலைப்பாம்பா, அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பந்து மலைப்பாம்பு செனகல் முதல் உகாண்டா வரைதான் உண்டு, அங்கே கிடையாது. நீங்கள் பார்த்தது அங்கோலா மலைப்பாம்பாக இருக்கலாம். 1887-இல் போர்ச்சுகீசிய விலங்கியலாளர் பொக்காஷ் விவரித்த இனம். தெற்கு அங்கோலாவிலும் வடக்கு நமீபியாவிலும் மட்டுமே வாழ்கிறது. பெரிதானாலும் 1.8 மீட்டர் அளவுதான்.

நீங்கள் எடுத்த படத்தில் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய தகடுகளுக்குப் பதிலாக, பாசிமணி கோத்தது போல வழவழப்பான சின்னச் செதில்கள் இருக்கும். மேலுதட்டில் வெப்பம் உணரும் குழிகள் வரிசையாகத் தெரியும். செம்பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள். இவ்வளவும் பொருந்தினால் அதுவேதான். விஷமில்லை.

ஆனால் செதில் சொரசொரப்பாக, முதுகில் அம்புமுனை போன்ற பட்டைகள் இருந்தால் அது பஃப் விரியன், கடுமையான விஷம். அதனால் உறுதி செய்யக் கிட்டே போகாதீர்கள், படம் போதும். அப்புறம், பாறைப் பக்கம் ஆள் நடமாட்டத்தைக் குறைத்து, பாம்பு பிடிப்பவரை அழையுங்கள். படத்தையும் இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.