நொதி சேர்க்கும் முன்பே குறையும் ஒளியியல் தடிமன்

வணக்கம். ஜெலட்டின் ஏற்றிய நுண்துளை சிலிக்கான் சில்லில், டிரிப்சின் (புரதத்தை வெட்டும் நொதி) சேர்ப்பதற்கு முன்பே, வெறும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் ஒளியியல் தடிமன் (படலத்தின் தடிமனை அதன் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கிய அளவு) இறங்கிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிறமாலைமானியைச் சந்தேகிக்கும் முன் சில்லைப் பாருங்கள். அதுதான் மெல்லக் கரைகிறது. அரித்தெடுத்த புதுப் பரப்பு ஹைட்ரஜனால் மூடப்பட்டிருப்பதால், பி.எச். 7.4 நீர்க்கரைசலில் அது ஆக்சைடாக மாறி, சுமார் 3.5 ஆக இருந்த சிலிக்கானின் ஒளிவிலகல் எண்ணுக்குப் பதிலாக 1.45 அளவுள்ள ஆக்சைடு வந்து அமர்கிறது. அதுவும் பின்னர் சிலிசிக் அமிலமாகக் கரைந்து வெளியேறுகிறது. சங்கடம் என்னவென்றால், நொதி ஜெலட்டினை வெட்டி, துண்டுகள் துளையை விட்டு வெளியேறும்போதும் தடிமன் இதே திசையில்தான் குறையும்.

ஆகவே ஜெலட்டின் ஏற்றுவதற்கு முன், சில்லைக் காற்றில் 600 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்கி, பரப்பை முன்கூட்டியே ஆக்சைடாக்கிவிடுங்கள்; நிறம் நீலப் பக்கம் நகர்வது கண்ணுக்கே தெரியும். ஆக்சைடும் மிக மெதுவாகக் கரையும் என்பதால், நீங்கள் கட்டங்களாக வடிவமைத்த பரப்பில் ஒரு கட்டத்தை ஜெலட்டின் இல்லாமல் விட்டு, அதன் சரிவை மற்றவற்றிலிருந்து கழியுங்கள். சோயா டிரிப்சின் தடுப்பானைச் சேர்த்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தால், எஞ்சியுள்ள சரிவு நொதியால் வந்ததா என்பது தெரிந்துவிடும். (இந்த ஓட்டத்தைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள்.)