ரம்புட்டான் தூரில் கிடைப்பது வேர்ப்புழுவா, சிள்வண்டுக் குஞ்சா?

கேள்வி: ஐயா, பர்மாவில் மோல்மேனுக்குத் தெற்கே முடோன் பக்கம் எங்கள் தோட்டம். பழைய ரப்பரை வெட்டிவிட்டு ரம்புட்டான் ஒட்டுக்கன்று வைத்திருக்கிறோம். சில கன்றுகள் இலை மஞ்சளாகி வாடுகின்றன. தூரைத் தோண்டினால் முன்னங்கால் கொக்கி மாதிரி வளைந்த பழுப்புப் பூச்சி கிடைக்கிறது. மழைக்கு முன்னால் தரையில் விரல் நுழைகிற துளைகளும் இருந்தன. வேரைத் தின்கிற பூச்சி என்று சொல்லி மருந்துக்கடையில் குருணைப் பூச்சிமருந்து கொடுத்தார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம், குருணையைப் பிரிக்காமல் வையுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் சிள்வண்டுக் குஞ்சுக்குத்தான் பொருந்துகிறது. தண்ணீர்த் திருவிழா சமயத்தில் மரத்துக்கு மரம் காதைத் துளைக்கிறதே, அதன் மண்ணடிப் பருவம் இது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒன்றைப் பிடித்து, சேற்றைக் கழுவி, உள்ளங்கையில் மல்லாத்திப் பாருங்கள். முன்னங்காலின் தொடை மற்ற நான்கு கால்களைவிட நன்றாகப் பருத்து, அடிப்பக்கம் முள் முள்ளாக இருக்கும். அதை நோக்கிக் கீழ்க்கால் கூராக வளைந்து மடங்கும். மண்ணைக் கொத்தி எடுப்பது இதனால்தான். நடுக்காலும் பின்னங்காலும் ஒல்லி. நடக்க உதவுமே தவிர, தாவ உதவாது.

அப்புறம் முகம். இரண்டு கண்ணுக்கும் நடுவே நெற்றி புடைத்து, குறுக்கே வரி வரியாகக் கோடு போட்டிருக்கும். அந்தப் புடைப்புக்குள் இருப்பது சாறு இழுக்கும் தசை. அதன் கீழிருந்து ஊசி போன்ற உறிஞ்சுகுழல் ஒன்று புறப்பட்டு, கால்களுக்கு நடுவே நெஞ்சோடு ஒட்டிப் படுத்திருக்கும். கடிக்கிற தாடை இதற்குக் கிடையாது. எனவே வேரைக் கத்தரிக்கவோ பட்டையைச் சுரண்டவோ இதனால் முடியாது. குழலை வேருக்குள் செலுத்தி, மேலே ஏறும் தண்ணீர்ச் சாற்றை உறிஞ்சுவதோடு சரி. அந்தச் சாற்றில் சத்து சொற்பம் என்பதால் நிறையக் குடித்து நிறையவே வெளியேற்றும். அந்த ஈரத்தில் மண்ணைக் குழைத்துத் தன் வளைச் சுவரைப் பூசிக்கொள்ளும். ஈரக் களிமண்ணாக இருந்தால் சில இனங்கள் துளைக்கு மேலே விரல் உயரத்துக்குக் குழாயே கட்டிவிடும். அதைப் பார்த்து நண்டு வளை என்று நினைப்பவர்கள் உண்டு.

மரக்கிளையில் முட்டை பொரிந்து கீழே விழும்போது குஞ்சு 2 மில்லிமீட்டர்தான், வெள்ளையாக எறும்பு அளவுக்கு இருக்கும். மண்ணுக்குள் போனபின் தோலுரித்துத் தோலுரித்து ஐந்து பருவம் தாண்டும். கடைசிப் பருவத்தில் உடல் தடித்துப் பழுப்பாகி, முதுகில் இரண்டு ஜோடி இறக்கை மொட்டு தெளிவாகத் தெரியும். உங்களுக்குக் கிடைப்பது அதுவாக இருக்கும். கூட்டுப்புழுப் பருவம் இதற்கு இல்லை. பொழுது சாய்ந்ததும் துளை வழியே ஏறி வந்து, தண்டைப் பற்றிக்கொண்டு, முதுகு வெடித்து வண்டாக வெளியே வரும். மரத்தில் ஒட்டியிருக்கும் காலிச் சட்டையின் உள்ளே வெள்ளை நூல் மாதிரி தெரிவது மூச்சுக்குழலின் உள்தோல். 17 வருடம் மண்ணில் கிடக்கும் என்று யூடியூபில் சொல்வது அமெரிக்க இனத்தின் கதை. அதை நம் ஊருக்கு ஒட்டவைக்காதீர்கள்.

இதோடு குழம்பக்கூடியவை இரண்டு. வேர்ப்புழு வெள்ளையாக, சுருண்டு, பழுப்புத் தலையோடு இருக்கும். இறக்கை மொட்டு இருக்காது. பிள்ளைப்பூச்சிக்கு உடல் நீளம், முன்னங்கால் அகலமாகப் பல் பல்லாக விரிந்திருக்கும், வாலில் இரண்டு இழை உண்டு. இந்த இரண்டுக்கும் தாடை உண்டு, வேரைக் கடிப்பவையும் இவைதான்.

சிள்வண்டால் நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரேசிலில் காப்பித் தோட்டங்களில் செடிக்குச் செடி நூற்றுக்கணக்கில் குவிந்து வேரை உறிஞ்சியதால் செடி தளர்ந்த அனுபவம் உண்டு. உங்கள் தூருக்கு நாலைந்து என்றால் பொருட்படுத்த வேண்டாம். ஒட்டுக்கன்றுக்கு அதிகத் தொல்லை தாய் வண்டுதான். முட்டை வைக்கப் பென்சில் கனக் கொம்பைக் கீறும். அந்த இடத்தில் கொம்பு ஒடிந்து காயும். கத்தல் ஓயும்வரை சின்னக் கன்றுகளைக் கொசுவலைத் துணியால் மூடுங்கள். கீறல் வரிசை தெரிந்த கொம்பை உடனே வெட்டி எரியுங்கள். பெரிய மரத்தில் வழவழப்பான பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றினால் குஞ்சு வழுக்கிக் கீழே விழும், கோழி பொறுக்கிக்கொள்ளும். குருணை போட்டால் அந்தக் கோழிக்கும் ஆபத்து, கிணற்றுத் தண்ணீருக்கும் ஆபத்து.

சரி, கன்று ஏன் வாடுகிறது? நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது பழைய ரப்பர். வெட்டிய கட்டைகளைப் பிடுங்காமல் விட்டிருந்தால் அதில் வெள்ளை வேர் நோய்ப் பூசணம் தங்கி, பக்கத்துக் கன்றின் வேருக்குப் பரவும். வாடிய கன்று ஒன்றை வேரோடு எடுத்துக் கழுவுங்கள். வேர்ப்பட்டை மேல் வெள்ளை இழைகள் ஒட்டிக் கிளைத்து ஓடினால் அந்த நோய்தான். அப்படியானால் கன்றையும் அருகிலுள்ள ரப்பர்க் கட்டை, வேர்த்துண்டுகளையும் தோண்டி எடுத்து எரித்துவிட்டு, நல்ல கன்றுகளுக்கு நோய் தாவாமல் நடுவே குழி வெட்டுங்கள். இழை இல்லாமல் வேர் கறுத்து அழுகியிருந்தால் மழைத்தண்ணீர் தூரில் தேங்குகிறது, வடிகால் எடுங்கள். வேர் கடிபட்டிருந்தால் வேர்ப்புழுவைத் தேட வேண்டும். வேரைக் கழுவிப் பார்த்து எது தெரிகிறது என்று எழுதுங்கள், அதற்குத் தகுந்த மருந்தைச் சொல்கிறேன்.