பழைய காரை விற்பதா, வைத்திருப்பதா?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நெடுங்காலமாக வாசித்து வருகிறேன்; எழுதுவது இதுவே முதல் முறை. கேட்கப்போவது இலக்கியம் பற்றி அல்ல, என் காரைப் பற்றி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

19 ஆண்டுகளுக்கு முன்பு என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய கார் அது. அதில்தான் ஓட்டக் கற்றேன், அதில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு விட்டேன். வீட்டிலிருந்தே வேலை என்றானபின் மாதத்தில் ஓரிரு முறைதான் எடுக்கிறேன். சென்ற மாதம் பழுது பார்க்க விட்டபோது கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ்கள், ரேடியேட்டர் என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். விற்றால் கிடைக்கும் என்று தரகர் சொன்ன தொகையும் ஏறத்தாழ அதே அளவுதான். அவர் சொன்ன தொகை எனக்கு அவமானமாகவே இருந்தது. ஜாக்கி வைத்த இடத்தில் தகடு கொஞ்சம் நொறுங்கியதால் வேறு இடத்தில் வைத்துத் தூக்கினார்களாம்.

வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது, இதை விற்றுவிடு என்கிறார் கணவர். மகன் இப்போதுதான் ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்கிறான். அவனுக்குக் கொடுத்துவிடலாமா என்று நினைக்கிறேன். அல்லது முடிவெடுக்கும்வரை உறை போட்டு நிறுத்தி வைக்கலாமா? ஓர் இயந்திரத்தின்மீது இவ்வளவு பற்று வைப்பது அசட்டுத்தனமா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எஸ்டிமேட், தரகர், கணவர், மகன் என்று பலதையும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முடிவைத் தீர்மானிக்கப்போவது நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு வரிதான்: ஜாக்கி வைத்த இடத்தில் தகடு நொறுங்கியது. கிளட்சும் ரேடியேட்டரும் கழற்றி மாட்டக்கூடிய பொருள்கள். அவற்றுக்குச் செலவு உண்டே தவிர, வண்டியின் ஆயுளுக்கும் அவற்றுக்கும் பெரிய தொடர்பு இல்லை. எஞ்சினைக்கூடப் பிரித்துப் புதுப்பித்துவிடலாம். பழைய கார்களுக்கு முடிவு கட்டுவது பெரும்பாலும் துருதான்.

லாரிக்கு இருப்பதுபோலப் பெரும்பாலான கார்களுக்கு உடலைத் தாங்கும் சேசிஸ் என்ற இரும்புச் சட்டகம் தனியாகக் கிடையாது. தகடுகளை வளைத்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலையே சட்டகமாக ஆக்கியிருப்பார்கள். கதவுகளுக்கு அடியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே நீளும் உள்ளீடற்ற தகட்டுப் பெட்டி அந்த உடலின் முதுகெலும்பு போன்றது. ஜாக்கி வைக்கும் இடம் அதன் விளிம்பில்தான் இருக்கிறது. உள்ளே இறங்கும் நீர் வடிந்துபோக அடியில் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சேறும் சருகும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கி, தகட்டை உட்புறமிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே பெயின்ட் சிறு கொப்புளங்களாக எழும்பும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும். பக்கவாட்டில் மற்றொரு வண்டி மோதினால் தாங்கவேண்டிய பகுதிகளில் இதுவும் ஒன்று என்பதால், இதை அழகு சார்ந்த குறையாக எண்ணிவிட முடியாது.

ஆகவே எஸ்டிமேட்டுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், பற்றவைப்பு வேலையில் தேர்ந்த ஒரு டிங்கரிடம் வண்டியைக் கொண்டுசென்று, உயரத் தூக்கி, அடிப்பகுதி முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் உடன் நில்லுங்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தகட்டை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓரங்களில் நகர்த்திப் பாருங்கள். அது ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் இருப்பது இரும்பல்ல, முன்பு எவரோ பூசிய பட்டி. கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உதிரிச் சக்கரம் கிடக்கும் குழி, சீட் பெல்ட் தரையோடு பிணைக்கப்படும் இடம், சஸ்பென்ஷன் உடலோடு சேரும் இடங்கள் ஆகியவற்றையும் விடக்கூடாது. அரிப்பு ஜாக்கி விளிம்போடு நின்றிருந்தால், கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்துவிடலாம்; உங்கள் கார் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். சஸ்பென்ஷன் சேரும் இடங்கள் வரை பரவியிருந்தால், எவ்வளவு பிரியமான வண்டியானாலும் ஓட்டக்கூடாது என்பதே என் கருத்து. பட்டி பூசி மறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அரிப்பு சிறிதுதான் என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

பழுதுச் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிடுவது எல்லோரும் செய்வது. ஆனால் அந்த ஒப்பீடு எதையும் சொல்வதில்லை. காரின் மதிப்பு முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகச் சரியும், பிறகு தரை தட்டி நின்றுவிடும். உங்கள் கார் அந்த நிலைக்கு எப்போதோ வந்துவிட்டது. இன்று விற்றாலும் அடுத்த ஆண்டு விற்றாலும் கிடைப்பதில் பெரிய வேறுபாடு இருக்கப்போவதில்லை. ஒப்பிடவேண்டியது, இந்தக் காரை இன்னும் மூன்று ஆண்டுகள் ஓட்ட ஆகும் மொத்தச் செலவையும், இது இல்லாமல் அதே மூன்று ஆண்டுகளைக் கழிக்க ஆகும் செலவையும். இன்னொரு கார் வாங்கவேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் பழைய வண்டியின் பக்கமே சாயும். உங்கள் வீட்டில் ஏற்கெனவே மற்றொரு கார் இருக்கிறது; இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படும் அரிய நாள்களில் வாடகைக் காரை அழைத்துக்கொள்ளலாம். எனவே பணக்கணக்கில் உங்கள் கணவர் சொல்வது சரி, அதை ஒப்புக்கொண்டுவிடுங்கள். காப்பீடு, வரி, பேட்டரி, டயர் என்று வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவைக் கூட்டி ஒரு தாளில் எழுதி, அதற்குப் போக்குவரத்துச் செலவு என்று பெயரிடாமல், விருப்பத்துக்காகச் செய்யும் செலவு என்று பெயரிட்டுப் பாருங்கள். அந்தத் தொகையை ஒரு விருப்பத்துக்காக மனமுவந்து செலவிட முடிந்தால் வைத்துக்கொள்ளலாம்; அதற்கு யாரிடமும் நியாயம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டலில் எஸ்டிமேட்டில் இல்லாத இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனின் அசைவோடு ஒத்துத் திறந்து மூடவைப்பது டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட்; உங்கள் எஞ்சினில் இருப்பது செயினா, பெல்ட்டா என்று கேளுங்கள். பெல்ட்டாக இருந்து, அது எப்போது மாற்றப்பட்டது என்று எவருக்கும் நினைவில்லையென்றால், கிளட்ச்சுக்கு முன்னால் அதை மாற்ற வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். அடுத்தது டயர். குறைவாக ஓடிய வண்டியின் டயரில் பள்ளங்கள் ஆழமாக இருக்கும், ரப்பர் மட்டும் மூப்படைந்திருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும்; 3214 என்று இருந்தால் அது 2014ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். பத்து ஆண்டுகளைத் தாண்டிய டயரை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், மாற்றிவிடுவதே நல்லது.

தரகர் சொன்ன தொகை உங்களைப் புண்படுத்தியதில் வியப்பில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்துவிட்டு, அதை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள் என்று அவர்களிடமும், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று மற்றவர்களிடமும் கேட்டார்கள். சில நிமிடங்களுக்கு முன்பு கைக்கு வந்த சாதாரணக் கோப்பைக்கே, வாங்க வந்தவர்கள் சொன்னதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை சொன்னார்கள் வைத்திருந்தவர்கள். நீங்கள் 19 ஆண்டுகள் வைத்திருந்திருக்கிறீர்கள். தரகர் விலை சொன்னது ஒரு பழைய காருக்கு. நீங்கள் அந்தக் காரோடு கழித்த ஆண்டுகளுக்கு அவர் விலை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

மகனுக்குக் கொடுக்கும் யோசனையை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். வீட்டிலுள்ள பழைய வண்டியைப் புதிதாக ஓட்டக் கற்றவரிடம் கொடுப்பதும், நல்ல வண்டியை அனுபவசாலி வைத்துக்கொள்வதும் பல குடும்பங்களில் நடக்கிறது. கீறல் விழுந்தால் பரவாயில்லை என்பதே அதற்குக் காரணம். கீறலைப் பற்றிக் கவலைப்பட்டு எலும்பை மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளை ஆராய்ந்து 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட காரை ஓட்டியவரைவிட, 18 அல்லது அதற்கு மேற்பட்ட ஆண்டுகள் பழைய காரை ஓட்டியவர் அவ்விபத்தில் உயிரிழக்கும் வாய்ப்பு 71 விழுக்காடு அதிகம் என்றது அது. அது அந்நாட்டுக் கணக்கு என்றாலும் காரணம் எங்கும் ஒன்றுதான்: காற்றுப்பைகளும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்கும், வண்டி சறுக்கும்போது நேராக்கும் மின்னணு ஏற்பாடும், மோதலை வாங்கிக்கொண்டு உள்ளிருப்பவரைக் காக்கும் உடலமைப்பும் இந்த இருபது ஆண்டுகளில் வெகுவாக வளர்ந்திருக்கின்றன. பிழை செய்ய அதிக வாய்ப்புள்ளவருக்கே அவை அதிகம் தேவை. மகன் மற்றொரு காரை ஓட்டட்டும். இதை நீங்கள் ஓட்டுங்கள், பகலில், அருகிலுள்ள இடங்களுக்கு.

உறை போட்டு நிறுத்தி வைப்பது, நீங்கள் சொன்ன மூன்று வழிகளிலும் மோசமானது. விற்க மனமில்லாமலும் ஓட்ட நேரமில்லாமலும் இருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் இதைத்தான் செய்கிறார்கள். செய்துவிட்டு, வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நிற்கும் வண்டி கெடுவது ஓடும் வண்டி தேய்வதைவிட விரைவாக நடக்கும். பெட்ரோல் சில மாதங்களிலேயே வீரியம் இழந்து பிசினாகப் படியத் தொடங்குகிறது, பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, பேட்டரி இறங்குகிறது, ஒரே இடத்தில் பாரம் தாங்கிய டயர் தட்டையாகிறது, ரப்பர் சீல்கள் உலர்ந்து சுருங்குகின்றன, எலி ஒயரைக் கடிக்கிறது. உறைக்குள் தங்கும் ஈரம், ஏற்கெனவே தொடங்கிவிட்ட துருவுக்குத் துணை போகும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை: எஞ்சின் முழுமையாகச் சூடேறாததால், எரிதலில் உண்டாகும் நீராவி வெளியேறாமல் சைலன்சரிலும் ஆயிலிலும் நீராகத் தங்கிவிடும். எடுத்தால் அரைமணி நேரமாவது நன்றாக ஓட்டவேண்டும், இல்லையென்றால் தொடாமல் இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966இல் ஒரு வால்வோ பி1800 வாங்கினார். 2013இல் அதே காரில் 30 லட்சம் மைல்களைக் கடந்து உலகச் சாதனை படைத்தார். அந்தக் காரை அவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கவில்லை. நெடுந்தூரம் நாள்தோறும் பள்ளிக்கு ஓட்டினார், ஆயிலை உரிய நேரத்தில் மாற்றினார், சிறு ஒலி கேட்டாலும் உடனே கவனித்தார்.

பற்று அசட்டுத்தனமா என்று கேட்டீர்கள். இல்லை. ஆனால் உங்கள் பற்று அதை ஓட்டுவதிலா, அது வீட்டில் நிற்பதிலா என்பது உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன், ஏனெனில் கடிதத்தில் அந்தக் காரை ஓட்டியதைப் பற்றிய இனிய நினைவுகள் எல்லாம் இறந்தகாலத்தில்தான் இருக்கின்றன; இப்போது ஓட்டுவதைப் பற்றி, மாதத்தில் ஓரிரு முறைதான் எடுக்கிறேன் என்று மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். தகடு நன்றாக இருப்பதாகத் தெரிந்தால், பாதுகாப்புக்கு அவசியமானவற்றையும், ஓடுவதற்குத் தேவையானவற்றையும் மட்டும் முதலில் செய்துகொண்டு, மூன்று மாதம் வாரந்தோறும் ஏதேனும் ஒரு வேலையை அந்தக் காருக்கென்றே ஒதுக்குங்கள். வீட்டை விட்டு இறங்கும்போது கை தானாக எந்தச் சாவியை எடுக்கிறது என்று கவனியுங்கள். நான்காவது வாரத்திலேயே மற்ற சாவியை எடுக்கத் தொடங்கினீர்கள் என்றால், கணவர் சொன்னதைச் செய்யலாம்.

விற்பதென்று முடிவானால் தாமதிக்க வேண்டாம்; ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் விலையும் மரியாதையும் ஓடாத வண்டிக்குக் கிடைக்காது. கிளட்ச்சை மாற்றிவிட்டு விற்றால் அந்தச் செலவு முழுதும் விலையில் திரும்பி வராது; குறையைச் சொல்லி, எஸ்டிமேட்டைக் காட்டி, அப்படியே விற்பதே மேல். ஜாக்கி வைத்துத் தகடு நொறுங்கிய இடத்தை வாங்குபவரிடம் நீங்களே குனிந்து காட்டிவிடுங்கள். பழுது பார்த்த ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தால், அந்த ரகக் காரைத் தேடி வாங்கும் ஆர்வலர்கள் தரகரைவிடக் கூடுதலாகத் தருவதுண்டு. வண்டியைக் கொடுத்த பிறகும் பெயர் மாற்றம் நடக்காமல் இருந்தால், அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் பெயரைத் தேடியே வரும். புதிய உரிமையாளரின் பெயரில் பதிவானதற்கான ஆதாரம் கைக்கு வரும்வரை காப்பீட்டை நிறுத்தாதீர்கள்.

அன்புடன்