பயிற்சி முடிந்தும் கையொப்பமிட மறுக்கிறார் முதலாளி

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 21. பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் வரைவு, வடிவமைப்புத் தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கிறேன். கடைசித் தவணையின் 20 வாரத் தொழிலியல் பயிற்சியை ஜெலுத்தோங்கில் ஒரு சிறிய வரைவு அலுவலகத்தில் முடித்தேன். மாதம் 700 வெள்ளி உதவித்தொகை என்று அலுவலகம் தந்த சேர்க்கைக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். கடைசி இரண்டு மாதத் தொகை வரவில்லை.

நான் வரைந்த இரும்புப் படிக்கட்டுப் படத்தில் தள உயரம் 3,150 மில்லிமீட்டர். கட்டுமான இடத்தில் அது 3,300. அலுவலகத்தில் கொடுத்த கட்டடப் படத்தைப் பார்த்துத்தான் வரைந்தேன். அது பழைய படம் என்று பிறகுதான் தெரிந்தது. படிக்கட்டை மறுபடி செய்ய 8,400 வெள்ளி ஆனதாம். அதை நான் கட்ட வேண்டும் என்கிறார் முதலாளி. இல்லையென்றால் ஒரு கடிதத்தில் கையொப்பமிட வேண்டுமாம்: இரண்டு ஆண்டுகள் அங்கேயே வேலை செய்வேன், இடையில் விலகினால் 10,000 வெள்ளி தருவேன், விலகிய பின் ஓராண்டுக்குப் பினாங்கில் வேறு எந்த வரைவு அலுவலகத்திலும் சேர மாட்டேன். அதுவரை பயிற்சிப் பதிவேட்டிலும் மதிப்பீட்டுப் படிவத்திலும் கையொப்பமிட மாட்டாராம். பதிவேடு அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் 17 வாரப் பக்கங்களை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

கல்லூரியில் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். மாத இறுதிக்குள் படிவம் போகாவிட்டால் டிப்ளோமா தள்ளிப்போகும். அம்மா கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்கிறார். நான் வரைந்த படங்களின் நகல் என் மடிக்கணினியில் இருக்கிறது. வேலை நேர்காணலில் அவற்றைக் காட்டலாமா என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: யாரிடமும் கடன் கேட்க வேண்டாம். நீங்களும் அந்தக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம். மிரட்டினாலும் சரி, நயமாகப் பேசினாலும் சரி, "வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்ற ஒரே பதில் போதும்.

முதலாளி மூன்று தனித்தனி விவகாரங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். நீங்கள் 20 வாரம் வந்து வேலை கற்றீர்களா என்பது ஒன்று. படிக்கட்டு நட்டத்துக்கு யார் பொறுப்பு என்பது இன்னொன்று. நாளை எங்கே வேலைக்குப் போவீர்கள் என்பது மூன்றாவது. ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றதைத் தருவேன் என்று சொல்ல அவருக்கு எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. உங்கள் மேல் அவருக்கு உண்மையாகவே ஒரு கோரிக்கை இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே போகட்டும். ஒரு மாணவனின் பதிவேட்டைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எனக்குக் கோபத்தையே தருகிறது.

அவசரமானது படிவம்தான். உதவித்தொகையைக் கேட்டு வழக்குப் போட 1953-ஆம் ஆண்டு காலவரைச் சட்டம் ஆறு ஆண்டு அவகாசம் தருகிறது. கல்லூரி உங்களுக்குத் தந்திருப்பது இந்த மாத இறுதிவரைதான். அதனால் முதலில் கல்லூரிக்குப் போங்கள், வாய்ப்பேச்சாக அல்ல, கடிதத்தோடு. உங்களைப் பயிற்சிக்கு அனுப்பியது கல்லூரி. அதற்குக் கட்டணம் வாங்கியதும் கல்லூரி. இடையில் தகராறு வந்தால் "நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்ள அவர்களால் முடியாது. பயிற்சிப் பிரிவின் தலைவருக்கு எழுதுங்கள், துறைத் தலைவருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். நிறுவனத்தின் கையொப்பம் கிடைக்காத நிலையில் வேறு சான்றுகளின் அடிப்படையில் பயிற்சியை நிறைவுபெற்றதாக ஏற்கும்படி கேளுங்கள். 17 வாரப் பக்கங்களின் படங்கள், வருகைப் பதிவு, பார்வையிட வந்த விரிவுரையாளரின் அறிக்கை, முதலாளியோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், அதுவரை உதவித்தொகை வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் இணையுங்கள். விடுபட்ட மூன்று வாரங்களை நினைவிலிருந்து இன்றே எழுதி, எழுதிய தேதியையும் போடுங்கள். பழைய தேதி போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். மதிப்பெண் என்பது முதலாளியின் கருத்து. நல்ல மதிப்பெண் போடச் சொல்லி யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த மாணவன் இத்தனை வாரம் வந்தான் என்று உறுதிப்படுத்துவது நடந்த உண்மையைச் சொல்வது. கல்லூரி அவரிடம் கேட்க வேண்டியது இந்த இரண்டாவதை. பதிவேடும் அவருடைய பொருள் அல்ல. கல்லூரியின் பெயரில் ஒரு கடிதம் போனாலே பெரும்பாலும் இழுப்பறை திறந்துவிடும்.

இனி 8,400 வெள்ளிக்கு வருகிறேன். உங்கள் படத்தின் வலது கீழ் மூலையில் உள்ள டைட்டில் பிளாக்கைப் பாருங்கள். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். வரைந்தவர் கட்டத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். மற்ற இரண்டிலும் யாருடையவை? அவருடையவை என்றால், தாம் சரிபார்த்ததாக அவரே எழுதிக் கொடுத்த படத்துக்கு உங்களிடம் பணம் கேட்கிறார். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் அவர் நிலைமை இன்னும் மோசம்: பயிற்சி மாணவன் வரைந்ததை யாருமே பார்க்காமல் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்.

அந்த மூலையிலேயே திருத்த எண்ணும், அதாவது படம் எத்தனையாவது முறை திருத்தப்பட்டது என்பதும், தேதியும் இருக்கும். உங்களுக்குக் கொடுத்த கட்டடப் படத்தின் திருத்த எண் என்ன? 3,300 என்று மாற்றிய புதிய படம் எந்தத் தேதியில், யாருடைய மின்னஞ்சலுக்கு வந்தது? அது முதலாளிக்கு வந்து, உங்கள் மேசைக்கு வராமலே போயிருந்தால், கவனக்குறைவு உங்களுடையது என்று காட்டுவது அவருக்கு மிகவும் கடினம்.

எண்களையும் போட்டுப் பார்த்தேன். 3,150-ஐ 18 படிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 175 மில்லிமீட்டர். தாளில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். உண்மையான உயரம் 3,300 என்றால் அதே 18 படிகள் 183-க்கு மேல் போகும். 1984-ஆம் ஆண்டு சீரான கட்டட விதிகள் ஒரு படிக்கு 180-க்கு மேல் அனுமதிப்பதில்லை. ஒரு படி கூடுதலாக வேண்டும். ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது. முழுப் படிக்கட்டையும் மறுபடி செய்ததாக அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தள உயரம் என்பது படிக்கட்டுப் படத்தில் சரிபார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அல்லவா? அதைப் பார்க்கத்தானே அந்தக் கட்டமே இருக்கிறது! நகராண்மைக்குப் போகும் கட்டடப் படங்களைத் தகுதி பெற்றவர் கையொப்பமிட்டுத்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகத்தான். பொறுப்பு கையொப்பத்தோடு போகிறது. மாணவனின் கணினியோடு அல்ல.

அவர் வழக்குப் போட்டால் உங்கள் கவனக்குறைவை அவர்தான் நிரூபிக்க வேண்டும், நட்டத்துக்குப் பட்டறையின் விலைப்பட்டியலையும் காட்ட வேண்டும். "செலவானதாம்" என்பது சான்று ஆகாது. இதுவரை விலைப்பட்டியலை உங்களுக்குக் காட்டினாரா?

உதவித்தொகை 1,400 வெள்ளி உங்களுக்கு வர வேண்டிய கடன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பயிற்சி மாணவனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம் இல்லாதபோது ஒருவரை ஊழியராகவே அனுமானிக்கச் சொல்லும் 101சி பிரிவு 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நேரத்தையும் வேலை முறையையும் நிறுவனம் கட்டுப்படுத்தியதா, கருவிகளை அது கொடுத்ததா, உங்கள் வேலை அதன் தொழிலில் ஒரு பகுதியாக இருந்ததா என்று அந்தப் பிரிவு பார்க்கிறது. வாடிக்கையாளருக்குப் போன படத்தையே நீங்கள் வரைந்திருக்கிறீர்கள் என்பதால் உங்கள் பக்கம் வாதம் இருக்கிறது. நீங்கள் ஊழியர் என்று முடிவானால் 24-ஆவது பிரிவும் துணைக்கு வரும். சம்பளத்திலிருந்து எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று அது பட்டியல் போடுகிறது. வரைபடப் பிழையால் வந்த நட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

கல்லூரி அனுப்பிய மாணவன் ஊழியர் அல்லர் என்று தொழிலாளர் அதிகாரி சொன்னாலும் சோர்ந்துவிடாதீர்கள். சேர்க்கைக் கடிதத்தில் 700 வெள்ளி என்று முதலாளி எழுதியிருக்கிறார். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அதுவே அவரைக் கட்டுப்படுத்தும். முதலில் தொழிலாளர் இலாகாவில், அதாவது ஜாபத்தான் தெனாகா கெர்ஜாவில் புகார் கொடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அங்கே கதவு அடைபட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு இருக்கிறது. லைட் ஸ்திரீட் நீதிமன்ற வளாகத்தில் படிவம் 198-ஐ நிரப்பிக் கொடுத்து, உங்கள் வழக்கை நீங்களே பேசலாம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியைக் கேட்கலாமா என்று நண்பர்கள் தூண்டுவார்கள். உங்கள் நிலையில் நான் அந்த வழியில் போக மாட்டேன்; வாக்களித்த தொகையைக் கேட்பதே வலுவான வழக்கு.

அந்தக் கடிதத்தில் உள்ள ஓராண்டுத் தடை செல்லாது. சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு நேரடியாகச் சொல்கிறது. தடை நியாயமானதா, காலம் குறைவா என்ற ஆராய்ச்சிக்கே அங்கே இடமில்லை. வேலையை விட்டபின் இரண்டு ஆண்டுகளுக்குக் கோத்தபாருவிலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் தொழில் செய்யக்கூடாது என்று ஒரு வழக்கறிஞருக்கே போட்ட தடை, 1964-இல் இதே பிரிவால் விழுந்தது.

இரண்டு ஆண்டுக் கட்டாயமும் 10,000 வெள்ளியும் அவ்வளவு எளிதில் விழாது, அதனால்தான் கையொப்பம் வேண்டாம் என்கிறேன். ஆதிக்க நிலையில் இருப்பவர் அந்த நிலையைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதத்தை ரத்துசெய்ய அதே ஒப்பந்தச் சட்டத்தின் 16, 20 ஆகிய பிரிவுகள் வழி தருகின்றன. எழுதிய தொகை எவ்வளவானாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது 75-ஆவது பிரிவு. ஆனால் இவற்றையெல்லாம் கையொப்பமிட்ட பிறகு நீதிமன்றத்தில் நின்று வாதாட வேண்டியிருக்கும். கையொப்பமே இல்லையென்றால் வாதாடவே ஒன்றும் இல்லை.

மடிக்கணினியில் உள்ள நகல்கள் விஷயத்தில் முதலாளி பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, வேலையின்போது உருவாக்கிய படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகிறது. உதவித்தொகைக்காக "நான் ஊழியர்" என்று வாதாடிவிட்டு, படங்களுக்காக "நான் ஊழியர் அல்லன்" என்று சொல்ல முடியாது. வாடிக்கையாளரின் கட்டட விவரங்களும் அவற்றில் இருக்கின்றன. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் நேர்காணலில் காட்டாதீர்கள்; யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அதற்குப் பதில், கல்லூரிப் பாடத்துக்காக வரைந்தவற்றையும், புதிதாக நீங்களே வடிவமைத்த ஒரு படிக்கட்டையும் காட்டுங்கள். தகராறுக்குரிய அந்த ஒரு படத்தையும், அதற்கு அடிப்படையான பழைய கட்டடப் படத்தையும் மட்டும் அழிக்காமல், திறந்து திருத்தாமல் அப்படியே வையுங்கள். அவை உங்கள் சான்று. வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

நிறுவனத்துக்கு இந்த வாரமே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள். பயிற்சி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பதிவேட்டை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரும்படி வேண்டுகோள், வருகையை உறுதிப்படுத்தும் கையொப்பம், 1,400 வெள்ளி, படிக்கட்டு நட்டத்துக்கான பொறுப்பை ஏற்கவில்லை என்ற ஒரு வரி. மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். "தவறு என்னுடையதுதான், ஆனால்" என்று தொடங்கும் வாக்கியம் நாளை உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். அனுப்புவதற்கு முன், பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் காட்டி ஒருமுறை திருத்திக்கொள்ளுங்கள். போகும்போது சேர்க்கைக் கடிதம், முதலாளி நீட்டிய கடிதத்தின் நகல், டைட்டில் பிளாக் தெளிவாகத் தெரியும்படி அச்சடித்த அந்தப் படிக்கட்டுப் படம் மூன்றும் கையில் இருக்கட்டும். அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள்.